ஏழு தலைமுறை – 9: பிக்கு வராத சாவு வீடு

சென்ற வாரம் கிச்சிசோவின் சாவில் நிறுத்தியிருந்தோம்.

நாகசாகி நகருக்கு வடக்கே, நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது உராகாமிப் பள்ளத்தாக்கு. அங்கிருந்த இரகசியக் கிறிஸ்தவர்களுக்குத் திருநாள்களைக் கணித்துச் சொன்ன ஏழாவது தலைவர் கிச்சிசோ. 1856இல் எழுந்த மூன்றாவது வேதகலாபனையில் பிடிபட்டுச் சிறையிலேயே இறந்தார். அவர் இடத்துக்கு எட்டாமவர் ஒருவர் வரவில்லை.

ஏழு என்ற அந்த எண்ணிக்கை ஊராருக்கு உறுத்தியிருக்க வேண்டும். பஸ்தியான் என்ற உபதேசியார் கொல்லப்படுமுன் சொல்லிவிட்டுப் போனதாக அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த வாக்கு ஒன்று இருந்தது. ஏழு தலைமுறை பொறுத்திருங்கள். பிறகு பெரிய கறுப்புக் கப்பலில் குருமார் வருவார்கள். வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். எங்கே வேண்டுமானாலும் உரக்கப் பாடித் திரியலாம். இப்போது ஏழாமவரும் போய்விட்டார்.

கப்பல் வந்ததா?

புதிதாக வாசிக்க வருபவர்களுக்காகச் சில வரிகள். நம் முத்துக்குளித்துறையில் பரவர் ஊர் ஊராக நடந்து, தமிழில் ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அடுத்த அறுபது ஆண்டுகளில் அங்கே கிறிஸ்தவர்கள் இலட்சக்கணக்கில் பெருகினார்கள். அதே வேகத்தில் ஆட்சியாளர்களின் அச்சமும் பெருகியது. 1597இல் நாகசாகியின் நிஷிசாகா மேட்டில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614இல் நாடு முழுவதும் தடை. 1637–38இல் ஷிமபாராக் கிளர்ச்சியும் ஹாரா கோட்டைப் படுகொலையும். 1644இல் கடைசிக் குருவானவர் கோனிஷி மான்ஷோ கொல்லப்பட்டார்.

அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானில் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, வேதப்புத்தகம் இல்லை. ஞானஸ்நானமும் ஜெபமும் மட்டும் எஞ்சின.

* * *

1865க்குப் போகுமுன் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் போனால் இந்த வாரம் நடக்கப்போகும் எதுவும் விளங்காது.

ஒரு பித்தளைத் தகடு. அதில் சிலுவையில் தொங்கும் இயேசு, அல்லது குழந்தையை ஏந்திய மரியன்னை. புத்தாண்டு பிறந்ததும் நாகசாகி வட்டாரத்தில் அதை வெளியே எடுப்பார்கள். பதிவேட்டில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதை மிதிக்க வேண்டும். கைக்குழந்தையின் பாதத்தையும் தகட்டில் தொட்டு எடுப்பார்கள். எழ முடியாத நோயாளி என்றால் தகடு அவர் படுக்கைக்கே வரும். உராகாமியில் இது மணியக்காரர் வீட்டில் நடந்தது. அவர் முன்னிலையில் ஊர் முழுவதும் வரிசையில் நின்று மிதிக்கும்.

மிதித்தார்கள். இதை மறைக்கவோ மழுப்பவோ தேவையில்லை. பாட்டன் மிதித்தான், அப்பன் மிதித்தான், பேரனும் மிதித்தான். மிதிக்க மாட்டேன் என்றவர்களின் வம்சம் அந்த மண்ணில் தங்கவில்லை. இந்தத் தொடரின் முற்பகுதிகளில் நாம் கண்ட வேதசாட்சிகள் அவர்கள்தாம். எஞ்சியவர்கள் எல்லாரும் மிதித்தவர்களின் பிள்ளைகள்.

ஆனால் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள்?

கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நீண்ட ஜெபத்தைச் சொன்னார்கள். நம்மூர்க் கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாபம் என்று சொல்லும் அந்த மனவருத்தத்துக்கான ஜெபம். ‘கொஞ்சிரிசான்’ என்ற பெயரில் 1603இல் அச்சான ஒரு சிறு நூல் அதற்கு வழிகாட்டியது. பாவத்தை வெளியிட்டு மன்னிப்புப் பெறக் குருவானவர் கிடைக்காத இடத்தில், கடவுளை நோகடித்தோமே என்று நெஞ்சு வெந்து மனஸ்தாபப்படுகிறவனுக்கு மன்னிப்பு உண்டு. குரு கிடைக்கும் நாளில் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதி மட்டும் அவனுக்கு வேண்டும் என்று அந்நூல் கற்பித்தது. அச்சுப் பிரதிகள் அழிந்தன. கைப்படிகளிலும் வாய்வழியாகவும் ஜெபம் தங்கிவிட்டது.

குருமார் இன்னும் இருந்த காலத்திலேயே, குருமார் இல்லாத காலத்துக்காக எழுதப்பட்ட நூல் போல இருக்கிறது இது.

என் கணிப்பில், ஜப்பானிய விசுவாசத்தை இருநூறு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது இந்த மனஸ்தாப ஜெபந்தான். வேதசாட்சிகளின் இரத்தத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். விழுந்தவர்களின் கண்ணீரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் விழுந்து, ஒவ்வோர் ஆண்டும் எழுந்து, பிள்ளைக்கும் எழக் கற்றுக்கொடுத்த எளிய உழவர்கள் அவர்கள். வீரம் என்ற சொல்லை அவர்களுக்கு எவரும் கொடுத்ததில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

* * *

கப்பல் வந்தது.

1858இல் ஜப்பான் மேலை நாடுகளுடன் உடன்படிக்கைகள் செய்துகொண்டது. பிரான்சுடன் செய்த உடன்படிக்கையில், பிரெஞ்சுக்காரர் தம் குடியிருப்பில் தமக்கென்று கோயில் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. தமக்கென்று மட்டும். ஜப்பானியர் கிறிஸ்தவராக இருந்தால் தண்டனை என்ற சட்டம் அப்படியே நின்றது. தகட்டை மிதிக்கும் வழக்கம் மட்டும் ஏறத்தாழ அதே காலத்தில் நாகசாகியில் கைவிடப்பட்டது.

பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். 1776 முதல் புதுச்சேரியில் பணியாற்றிய அதே சபை. நாகசாகியின் ஓவுராச் சரிவில், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு கோயில் எழுந்தது. 1597இன் 26 வேதசாட்சிகளுக்கு 1862இல்தான் ரோமில் புனிதர் பட்டம் கிடைத்திருந்தது. அவர்கள் பெயரிலேயே, அவர்கள் இறந்த மேட்டை நோக்கியே கோயில் கட்டப்பட்டது. 1865 பிப்ரவரியில் மந்திரித்துத் திறந்தார்கள்.

நகர மக்கள் அதைப் ‘பிரெஞ்சுக் கோயில்’ என்றார்கள். கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள். அந்தச் செய்தி பள்ளத்தாக்கு ஏறி உராகாமிக்குப் போனது.

பெர்னார் பெத்திஜான் என்ற குருவானவர் அங்கே இருந்தார். பழைய கிறிஸ்தவர்களின் சுவடு எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். வேடிக்கை பார்க்க வந்த முகங்களில் அவர் தேடியது கிடைக்கவில்லை.

மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நண்பகல் தாண்டிய வேளை.

கோயில் கதவுக்கு வெளியே பதினைந்து பேரளவில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக நின்றுகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் தோரணை அவர்களிடம் இல்லை. பெத்திஜான் கதவைத் திறந்து உள்ளே நடந்தார். பின்னாலேயே வந்தார்கள். பீடத்தின் முன் முழந்தாளிட்டார்.

ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரந்தான் ஆகியிருக்கும் என்று அவரே எழுதுகிறார். வயதான மூன்று பெண்கள் அருகில் வந்து மண்டியிட்டார்கள். ஒருத்தி தன் நெஞ்சில் கை வைத்தாள். சுவருக்குக் கேட்டுவிடுமோ என்ற அச்சத்தோடு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

இங்கே வந்திருக்கும் எங்கள் எல்லாருடைய நெஞ்சமும் உங்கள் நெஞ்சந்தான் என்றாள்.

எந்த ஊர் என்று கேட்டார் குரு. உராகாமி. அங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் இதே நெஞ்சந்தான் என்றாள். உடனே அவளிடமிருந்து அடுத்த கேள்வி: சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே?

அவள் பெயர் இசபெலினா யூரி என்று மரபு சொல்கிறது.

மரியன்னை சுரூபத்தின் முன் அழைத்துப் போனார். குழந்தை இயேசுவைப் பார்த்ததும் அவர்களுக்குப் பேச்சு பெருகியது. குளிர்மாதத்தின் இருபத்தைந்தாம் நாள் பிறந்தநாள் கொண்டாடுகிறோம் என்றார்கள். இப்போது துயரகாலம் அல்லவா, இன்று பதினேழாம் நாள் என்றார்கள்.

அந்த ஆண்டு விபூதிப் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள். தவக்காலத்தின் பதினேழாம் நாள் சரியாக மார்ச் 17.

கணித்துச் சொல்லத் தலைவர் இல்லை. கிச்சிசோ இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ரோமிலிருந்து ஒரு சொல் வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். கையிலிருந்தது 1634ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட பஸ்தியானின் பழைய கணக்கு. அதை வைத்துக்கொண்டு, சந்திர மாதக் கணக்கு ஓடும் நாட்டில், ஒரு நாளும் பிசகாமல் தவக்காலத்துக்கு வந்து நின்றது ஓர் உழவர் ஊர். வரலாற்று ஆவணங்களில் இதற்கு இணையான இன்னொரு வரியை நான் வாசித்ததில்லை.

* * *

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. நாள்தோறும் ஆட்கள் வந்தார்கள். அருகிலுள்ள தீவுகளிலிருந்தும் கடலோர ஊர்களிலிருந்தும் படகேறி வந்தார்கள். கூட்டமாக வராதீர்கள் என்று பெத்திஜானே கெஞ்ச வேண்டியதாயிற்று. காவலர்கள் கோயிலைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவுமில்லை. காமினோஷிமாத் தீவிலிருந்து பேதுரு என்ற ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பாளர் வந்தார். ரோமாபுரியின் பெரிய தலைவர் பெயர் என்ன என்று கேட்டறிந்தார். பிறகு குருமாருக்குப் பிள்ளைகள் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கன்னிமை காக்கும் குருக்கள் என்று பதில் கிடைத்ததும் தரையில் நெற்றி பதித்து நன்றி சொன்னார். தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்திருந்த உரைகல் அது. புராட்டஸ்டண்டு போதகர்களும் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், முன்னோர் சொன்ன குருமார் இவர்கள்தாமா என்று உறுதிசெய்ய அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

உராகாமியில் இரகசிய ஜெபவீடுகள் நான்கு முளைத்தன. ஒன்றுக்குச் சவேரியார் பெயர். இருட்டிய பின் ஜப்பானிய உடையில் குருவானவர் போவார். விடியுமுன் பூசை, பாவசங்கீர்த்தனம், ஞானோபதேசம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கள் தாங்கள் ஆண்டுதோறும் தகட்டை மிதித்ததை, தங்கள் தாய் தந்தையர் மிதித்ததை, முதன்முறையாக ஒரு குருவின் காதில் சொன்னார்கள். குரு கிடைக்கும் நாளில் சொல்வேன் என்று 1603இன் ஜெபத்தில் கொடுத்த வாக்கு அந்த வீடுகளில் நிறைவேறியது.

இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. எங்கே உடைந்தது?

* * *

ஒரு சாவில்.

நாட்டை ஆண்ட தோக்குகாவா ஷோகுன்களின் ஆட்சியில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு புத்தக் கோயிலின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் அந்தக் கோயிலின் சான்று வேண்டும். சாவு என்றால் அந்தக் கோயிலின் பிக்கு வந்து சூத்திரம் ஓதி அனுப்ப வேண்டும். நீ கிறிஸ்தவன் இல்லை என்பதற்கு அதுதான் கடைசி அத்தாட்சி. உராகாமிக்கு ஷோதோகுஜி என்ற கோயில்.

இதற்கும் முன்னோர் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். முன் அறையில் பிக்கு ஓதிக்கொண்டிருப்பார். பின் அறையில் சிலர் உட்கார்ந்து அந்த ஓதலின் பலன் அழியட்டும் என்று தங்கள் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிக்கு போனபிறகு, சவப்பெட்டியில் அவர் வைத்தவற்றை எடுத்துவிட்டுத் தங்கள் முறைப்படி புதைப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஒரே உடலுக்கு இரண்டு ஜெபங்கள். பிக்குவுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். ஊர் அமைதியாக இருக்கும்வரை எவரும் கிளறவில்லை.

குருமார் வந்தபிறகு அந்த உபாயம் நிற்கவில்லை. பிற சமயச் சடங்கில் கலந்துகொள்வது பாவம் என்று அவர்கள் கற்பித்தார்கள். திருச்சபையின் ஒழுங்குப்படி அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கற்பித்தலின் விலையைக் கொடுக்கப்போகிறவர்கள் குருமார் இல்லை. உடன்படிக்கையின் நிழலில், தூதரகத்தின் காவலில் இருந்தார்கள் அவர்கள். விலை முழுவதும் உராகாமியின் தலையில் விழப்போகிறது. இதை எழுதும்போது பெத்திஜான்மீது எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனாலும் அவர் அந்த இரவுகளில் இதை எண்ணி எவ்வளவு நேரம் விழித்திருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஊரார் வெறுமனே கீழ்ப்படிந்தார்கள் என்று சொன்னால் அவர்களைச் சிறுமைப்படுத்தியதாகும். இருநூறு ஆண்டுகளாகப் பின் அறையில் முணுமுணுத்த ஜெபத்தை முன் அறைக்குக் கொண்டுவர அவர்கள் காத்திருந்தார்கள். பெற்றவளுக்கு நம் வாயால் உரக்க ஜெபம் சொல்லி மண் போடக்கூடாதா? சாவு வீட்டில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அந்த ஆசை புரியும்.

1867இன் இளவேனிலில் உராகாமியில் ஒரு வீட்டில் சாவு. பிக்குவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தாங்களே ஜெபித்துப் புதைத்தார்கள்.

மணியக்காரர் கூப்பிட்டு விசாரித்தார். ஷோதோகுஜிக் கோயில் எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் அடுத்தவர், அடுத்தவர் என்று குடும்பம் குடும்பமாகச் சொன்னார்கள்.

ஒளிவு முடிந்தது. இருநூறு ஆண்டுகளில் முதன்முறையாக ஓர் ஊர், அரசாங்கத்தின் முன் நின்று, நாங்கள் யார் என்று சொல்லிவிட்டது.

* * *

நாகசாகி ஆளுநர் உடனே பாயவில்லை. வெளிநாட்டுத் தூதர்கள் ஊரில் இருந்தார்கள். ஷோகுன் ஆட்சி ஏற்கெனவே ஆட்டங்கண்டிருந்தது. பிரான்சின் உதவி அதற்குத் தேவைப்பட்டது. சட்டத்தையும் விட முடியவில்லை, பிரான்சையும் பகைத்துக்கொள்ள முடியவில்லை. சில மாதங்கள் வேவு பார்த்தார்கள்.

ஜூலை 15. விடியலுக்கு வெகுமுன்.

ஜெபவீடுகளை வளைத்துக்கொண்டார்கள். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். பூசைப் பொருள்களை வாரிக் கட்டினார்கள். ஊருக்குள் தங்கியிருந்த லொக்கேன் என்ற குருவானவரை ஊரார் எப்படியோ மலைப்பக்கமாகத் தப்பவைத்தார்கள். தங்களைத் தப்பவைக்க எவருமில்லை. அந்த ஒரு விடியலில் 68 பேர் பிடிபட்டார்கள். பிறகு இன்னும் சிலர்.

பிரான்சின் தூதர் லெயோன் ரோஷ் ஷோகுனிடம் பேசினார். மற்ற நாட்டுத் தூதர்களும் எதிர்ப்புச் சொன்னார்கள். பேச்சு நீண்டது. சிறைக்குள் காலம் வேறு விதமாக நீண்டது.

விசாரணையில் அதிகாரிகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல், வீட்டுக்குப் போ. நிலம் காத்துக்கிடக்கிறது, பிள்ளைகள் காத்துக்கிடக்கிறார்கள். முதலில் நயமாகச் சொன்னார்கள். பிறகு கைகளையும் கால்களையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டி உத்தரத்தில் தூக்கினார்கள். தொங்கவிட்டு அடித்தார்கள். நீரை ஊற்றினால் கயிறு நனைந்து இறுகிச் சதைக்குள் இறங்கும். ஒருவரைத் தொங்கவிடும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உழவர்கள் அவர்கள். வலி தாங்கிப் பழகிய உடல்தான். ஆனாலும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். விட்டுவிடுகிறேன். விட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில் வேகமாகக் கடந்துபோக எழுதுகிறவனுக்கு ஆசை வரும். கடக்கக்கூடாது. ஓராண்டுக்குமுன் அழுதழுது பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள், இனி ஒருபோதும் மறுதலிக்க மாட்டேன் என்று குருவிடம் சொன்னவர்கள், கயிற்றில் தொங்கியபடி மீண்டும் மறுதலித்தார்கள். பேதுரு மூன்றுமுறை மறுதலித்ததை வாசிக்கும்போது நாம் அவரை எளிதாக மன்னித்துவிடுகிறோம். பின்கதை நமக்குத் தெரியும் என்பதால். இவர்களுக்குத் தங்கள் பின்கதை தெரியாது.

ஒருவர் மட்டும் சொல்லவில்லை. தகாகி செனேமோன்.

1824இல் பிறந்தவர். நாற்பதைத் தாண்டிய, எழுத்தறியாத உழவர். பிற்காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிய நினைவுக்குறிப்பு இருக்கிறது. அலங்காரமே இல்லாத பேச்சு அது. மற்ற எல்லாவற்றிலும் அரசுக்குக் கீழ்ப்படிகிறேன், இது ஒன்றில் முடியாது என்பதே அவர் நிலை. அதிகாரிகள் மிரட்டினாலும் அந்த வாசகந்தான், கனிவாகப் பேசினாலும் அந்த வாசகந்தான். தன் பலத்தால் நின்றதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜெபித்தேன், கடவுள் நிறுத்தினார் என்ற அளவிலேயே முடித்துக்கொள்கிறார்.

* * *

மறுதலித்தவர்களை விட்டுவிட்டார்கள். உராகாமிக்கு நடந்து வந்தார்கள்.

ஊர் வரவேற்கவில்லை.

வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டு உள்ளே வராதே என்றாள். விசுவாசத்தை விற்றுவிட்டு வந்தவருக்கு இங்கே சோறு இல்லை என்ற கடுமை. சிறையில் நடந்தது தெரிந்தும் அப்படிச் சொன்னார்கள். என்னால் அந்தப் பெண்களைக் கண்டிக்கவும் முடியவில்லை, அந்த ஆண்களின் நிலையை நினைத்து ஆறவும் முடியவில்லை. ஆண்டுதோறும் மிதித்துவிட்டு வந்த கணவனோடு சேர்ந்து மனஸ்தாப ஜெபம் சொன்ன பாட்டிமாரின் பேத்திகள்தாம் இவர்கள். ஒளிந்திருந்த காலத்தில் விழுகை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. எல்லாரும் மிதித்தார்கள், எல்லாரும் அழுதார்கள். வெளியே வந்தபின் விழுந்தவர் தனியாக நின்றார்.

மலைச்சரிவில் போய்க் கிடந்தார்கள். பகலும் இரவும் அங்கேயே அழுதார்கள். ஜெபித்தார்கள். எந்த ஜெபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எழுந்தார்கள்.

முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து மணியக்காரர் வீட்டுக்குப் போனார்கள். முன்பு தங்கள் முன்னோரும் தாங்களும் வரிசையில் நின்று தகட்டை மிதித்த அதே வகை முற்றம். சிறையில் வலி தாங்காமல் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், நாங்கள் கிறிஸ்தவர்கள், மேலிடத்துக்கு எழுதிவிடுங்கள் என்றார்கள்.

கயிறு எப்படி இருக்கும் என்று தெரிந்தபின் சொன்னார்கள். முதல்முறை அரசின்முன் நின்றபோது அவர்களுக்குத் தெரியாத ஒன்று இப்போது மணிக்கட்டில் வடுவாக இருந்தது. செனேமோன் ஒருவரே அசையாமல் நின்றார் என்று வரலாறு அவரைக் கொண்டாடுகிறது; கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் உராகாமியின் முதுகெலும்பு இந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது என்று நினைக்கிறேன். செனேமோனை உடைக்க முடியாது என்று அதிகாரிகள் அறிந்துகொண்டார்கள். இவர்களை உடைத்தும் பயனில்லை என்று இப்போது அறிந்துகொண்டார்கள். இரண்டாவதுதான் அரசுக்கு அதிக அச்சம் தந்திருக்கும்.

* * *

மணியக்காரர் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு ஷோகுன் ஆட்சி பதில் சொல்லுமுன் ஷோகுன் ஆட்சியே போய்விட்டது.

1867 நவம்பரில் ஷோகுன் யோஷினோபு அதிகாரத்தைத் துறந்தார். 1868 ஜனவரியில் பேரரசரின் பெயரால் புதிய ஆட்சி. நாகசாகி ஆளுநர் நகரை விட்டு ஓடினார். இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய அந்த ஆட்சி சில வாரங்களில் சரிந்ததை உராகாமி தன் கண்ணால் பார்த்தது. ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எண்ணாதவர் அந்தப் பள்ளத்தாக்கில் எவராவது இருந்திருப்பார்களா?

ஏப்ரலில் புதிய அரசின் அறிவிப்புப் பலகைகள் ஊர்ச் சந்திகளில் நடப்பட்டன. பழைய பலகைகளைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் புதியவை. கூடிநின்று வாசித்தார்கள்.

கிறிஸ்தவ மதம் முன்போலவே தடைசெய்யப்பட்டிருக்கிறது.

இம்முறை வந்தவர்கள் பழைய ஷோகுனின் களைத்த அதிகாரிகள் இல்லை. இளைஞர்கள், பேரரசரைத் தெய்வவழித் தலைவராக வைத்து ஒரு புதிய நாட்டைக் கட்ட வந்தவர்கள். அந்த நாட்டில் இன்னொரு ஆண்டவருக்கு முழந்தாளிடும் ஊர் ஒன்று இருப்பதை அவர்கள் பொறுக்கத் தயாராக இல்லை. நாகசாகிக்குப் பொறுப்பேற்று வந்தவர் சாவா நொபுயோஷி. அவருடன் இனோவே கவோரு. இருவரும் உராகாமியின் கோப்பைத் திறந்தார்கள். ஒருவர் மட்டும் மறுதலிக்கவில்லை. மறுதலித்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஊரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

சிறை பார்த்தாயிற்று, கயிறு பார்த்தாயிற்று. தலைவர்களைக் கொன்றுவிட்டு மற்றவர்களைப் பிரித்து அனுப்பலாம் என்று ஒரு யோசனை மேலே போனது. வெளிநாட்டுத் தூதர்கள் கொதித்தார்கள். பிறகு மேசைக்கு வந்தது வேறொரு திட்டம். ஒருவரையும் கொல்ல வேண்டாம். ஊரையே வேரோடு பிடுங்கிக் கப்பலேற்றி, ஒருவரை ஒருவர் காண முடியாத தொலைவுகளில், வெவ்வேறு சிற்றரசுகளில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

இருநூறு ஆண்டுகள் அந்த ஜெபத்தைக் காத்தது ஊர். அண்டை வீடு, பின் அறை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட நாள்கணக்கு. ஊரை எடுத்துவிட்டால்? தாய் ஒரு மலையில், மகன் ஒரு கோட்டையில், தவக்காலம் எந்த நாள் தொடங்குகிறது என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், தனித்தனியாக விழுகிறவர்களைத் தூக்கிவிட யார் இருப்பார்கள்?

(அடுத்த வாரம்)